புதுப்பிப்பு: 6 வோல்ட் கார் கடிகாரம் ஓடுகிறது

1930களின் அமெரிக்கக் கார் கடிகாரம், பேட்டரி கொடுத்தால் ஒரு தட்டு தட்டி நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "காயிலை விடுங்க, பாயிண்டைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. (காயில் என்பது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்; பாயிண்ட் என்பது அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை.) கறுத்திருந்த பாயிண்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பிசினாகிப்போன எண்ணெயையும் கழுவினேன். இப்போது சில நிமிடத்துக்கொருமுறை 'டக்' என்று காந்தம் ஸ்பிரிங்கை முறுக்குகிறது.

எதிர்பாராதது ஒன்று: வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே போனால், 5 வோல்ட்டுக்குக் கீழே காந்தத்துக்கு, ஸ்பிரிங்கை முறுக்கும் நெம்புகோலை எத்தித் தள்ள வலுவில்லை. பாயிண்ட் ஒட்டியபடியே நிற்கிறது, மின்சாரம் ஓயாமல் ஓடி காயில் கொதிக்கிறது. பேட்டரி இறங்கிய வண்டிகளில் காயில் கருகுவது இப்படித்தான் போல. அதனால் தனி ஃப்யூஸ் போட்டேன். அப்புறம், பாயிண்டில் எழும் தீப்பொறியை அடக்க காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்). பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது) என்றால் அதைத் திருப்பிப் போடுங்கள்.