புதுப்பிப்பு: டர்பனில் மருத்துவர் கிடைத்தார்

திருநங்கைகளை மரியாதையாக நடத்தும் மருத்துவர் டர்பன் பக்கம் உண்டா என்று கேட்டிருந்தேனே, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலேயே கிடைத்துவிட்டார். முன்பு போன இடத்தில் பழைய பெயரைச் சொல்லி எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்கள். இங்கே கோப்பின் மேலேயே என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள், நர்ஸம்மா உட்பட அதையே சொல்கிறார்கள். அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டேன். ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை முடிந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் தொடங்கியாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இதற்கு 2021-இல் வந்த மருத்துவ வழிகாட்டி இருக்கிறது. உங்கள் மருத்துவர் தயங்கினால் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

காவடிக்குச் சேலையில் வா என்று பெரியம்மாவே கூப்பிட்டார். போகிறேன்.

அப்புறம், அடையாள அட்டையில் பாலினம் மாற்ற தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு 49-ஆம் சட்டப்படி அறுவை சிகிச்சை கட்டாயமில்லை. ஹார்மோன் சிகிச்சை எடுத்ததற்கான மருத்துவர் அறிக்கைகள் வேண்டும். அலுவலகத்தில் வேறு மாதிரி சொன்னால் சட்டப் பிரதியைக் காட்டுங்கள்.