இரட்டைக் குழாய் ரெகுலேட்டருக்குத் தமிழ்: சனிக்கிழமைக்குள் வேண்டும்

பாரிசிலிருந்து, செவ்வாய் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இந்த வாரத் தமிழ் வகுப்பில் ஒரு பொருளைக் காட்டிப் பேச வேண்டிய முறை எனக்கு. ஆறு வாரமாகச் சமையலறை மேசையில் பிரித்துப்போட்டிருக்கும் மிஸ்திராலைத்தான் எடுத்துப்போகப் போகிறேன். லா ஸ்பிரோதெக்னிக் நிறுவனம் 1955இல் கொண்டுவந்த முக்குளிப்பு ரெகுலேட்டர் அது, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி. பிடரிக்குப் பின்னால் வட்டப் பெட்டி, அதிலிருந்து இரண்டு தோளுக்கும் மேலாக வாய்க்கு வரும் இரண்டு மடிப்புக் குழாய்கள். பழைய சாமான் சந்தையில் கிடைத்தது.

பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடுகிறது. ஒரு திருகை மட்டும் மறந்து இரவெல்லாம் விட்டுவிட்டேன், காலையில் செம்பு நிறத்தில் பல்லிளித்தது. மூச்சு வெளியேறும் இடத்து ரப்பர் அப்பளமாக நொறுங்கியது. அதற்கும் உள்ளே இருக்கும் வட்ட ரப்பருக்கும் பதிலாகப் புது சிலிக்கோன் உருப்படிகள் வாங்கிவிட்டேன். சிலிக்கோனுக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவக் கூடாதாம், ஊதிப்போகுமாம்.

எனக்கு மூன்று சொல் வேண்டும்: ரெகுலேட்டர், அதன் உள்ளே இருக்கும் டயஃப்ரம் (மேலே சொன்ன வட்ட ரப்பர்), வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்த வெளியேற்று வால்வு. பிரெஞ்சில் ரெகுலேட்டரை 'தெத்தாந்தர்' என்பார்கள், இறுக்கத்தைத் தளர்த்துவது என்று பொருள். ஜெர்மன்காரர்களுக்கு அது 'நுரையீரல் தானியங்கி'. ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள். நாம் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பொதுப்பணித்துறையில் ஆற்றுக்குக் குறுக்கே இருக்கும் ரெகுலேட்டரை நாங்கள் நீரொழுங்கி என்றுதான் எழுதினோம். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. அதே வார்ப்பில் வளியொழுங்கி. வேலை முடிந்தது.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு உண்டு. கரைக்குள்ளே தண்ணீரில் நிற்கும் இரண்டு கல்தூண், அடியில் தொட்டி, அதில் நீரோடித் துளை ஒன்று, சேறோடித் துளை ஒன்று. நீரோடித் துளையின் அடைப்பைத் தூக்கினால் நல்ல தண்ணீர் போகும், சேறோடி வழியே வண்டல் வெளியேறும். நல்லதற்கு ஒரு வழி, கழிவுக்கு ஒரு வழி. உங்கள் இரண்டு குழாயும் அதுதானே? பல்லவர் காலத்திலேயே இருந்தது.

திருநெல்வேலியிலிருந்து, புதன் மதியம்

தஞ்சை நண்பர் தூம்பைத் தொட்டதால் நானும் வருகிறேன். மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளில் ஒன்று 'களிற்று உயிர்த் தூம்பு'. களிறு பெருமூச்சு விடுவதுபோல ஒலிக்கும் நெடிய குழல். தம்பி சொல்லும் மடிப்புக் குழாய் யானைத் துதிக்கையேதான். 'தும்பி' என்றாலே யானைக்குப் பெயர். தூம்பு, தும்பு, தும்பி, தும்பிக்கை என்று ஒரே வேர் ஓடுவதைப் பத்தாண்டாகச் சொல்லிவருகிறேன், இந்தக் குழுவில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே இருதூம்பு உயிர்ப்பி.

ஒழுங்கி என்பதில் இலக்கணச் சிக்கல் இருக்கிறது. அடங்கு, அடக்கு. இயங்கு, இயக்கு. ஒழுங்கு தன்வினை. தானே ஒழுங்காக இருப்பதுதான் ஒழுங்கி. பிறிதை ஒழுங்குபடுத்தும் கருவி என்றால் பிறவினையில் ஒழுக்கி என்றல்லவா வர வேண்டும்?

பாரிசிலிருந்து, புதன் மதியம்

ஐயா, நேற்றுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். விளிம்பெல்லாம் குமிழி. இப்போதைக்கு என்னுடையது ஒழுக்கியேதான்.

தூத்துக்குடியிலிருந்து, புதன் மாலை

எங்கள் ஊரில் ரெகுலேட்டர் என்றால் ஒன்று ஃபேனுக்கு, இன்னொன்று அடுப்புக்கு. வளியொழுங்கி என்று யாரிடமாவது சொல்லுங்கள், நேரே சிலிண்டர் ஏஜென்சிக்குத்தான் போவார். உயிர்ப்பியும் சரிப்படாது. கடற்கரை முழுக்கக் கத்தோலிக்கர்கள், உயிர்ப்பு என்றால் எங்களுக்கு ஈஸ்டர். மூச்சை அடக்கித்தான் முத்தெடுக்க வேண்டும் என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. மூச்சை அடக்காமலே முங்க வைக்கும் கருவிக்கு எங்களிடம் சொல் இல்லாததில் என்ன ஆச்சரியம்? ரெகுலேட்டர் என்றே எழுதிவிட்டுப் போங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் இரவு

தம்பி, உங்கட வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மா அப்பா எங்கட பாடப்புத்தகம் படித்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். எங்களுக்கு வளி என்றால் காற்று, ஆகவே வளியொழுங்கியில் எனக்குக் குறையில்லை. டயஃப்ரம் பிரிமென்றகடு. இந்தியாவில் உதரவிதானம் என்கிறீர்கள், அது வயிற்றோடு ஒட்டிய சொல். இயந்திரத்துக்கு ஏது உதரம்? பிரிக்கிற மென்மையான தகடு, பிரிமென்றகடு. சொல்லே விளக்கிவிடுகிறது. அழுத்தம் என்றும் எழுதாதையுங்கோ, அமுக்கம்.

வாத்து மூக்கு என்பதைவிடத் தாரா மூக்கு சொல்லச் சுகமாக இருக்கு. என் விருப்பம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு செய்தி. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலையில் முக்குளித்தபோதுதான் சுவாமி மலையடிவாரக் கடலில் பழைய கோணேசர் கோயிலின் கற்கள் தென்பட்டன. சொல் இல்லாமலே கருவி எங்கட கடலுக்குள் இறங்கிவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் காலை

அக்கா, றகரம் போட்ட பிரிமென்றகட்டைப் பாரிஸ் பிள்ளை வாசித்து முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். சவ்வு போதாதா?

திருநெல்வேலியிலிருந்து, வியாழன் காலை

மென்+தகடு மென்றகடு. புணர்ச்சி சரியாக இருக்கிறது. பிள்ளைகள் வாசிக்கப் பழகட்டும். ஆனால் குறுந்தொகையில் கொல்லன் உலைக்கு 'மிதிதோல்' வருகிறதே, ஏழு ஊருக்குப் பொதுவாக ஓர் ஊரில் வைத்த துருத்தி. அந்தத் தோலை விட்டுவிட்டு ஏன் சவ்வைப் பிடிக்கிறீர்கள்?

பாரிசிலிருந்து, வியாழன் இரவு

நன்றி. கொஞ்சம் கருவிக்குத் திரும்புவோம், இல்லையென்றால் சொல் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமும் போய்விடும்.

தூத்துக்குடி அண்ணன் அடுப்பு என்று கிண்டல் செய்தார். உண்மையே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். அதற்காக ஏர் லிக்கீட் வாயு நிறுவனப் பொறியாளர் எமில் கன்யான் செய்திருந்த வால்வைத்தான் கடற்படை அதிகாரி ழாக்-ஈவ் கூஸ்தோவுக்காக மாற்றியமைத்தார். 1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் சோதித்தார்கள். நிமிர்ந்து நின்றால் காற்று சும்மா கொட்டியது, தலைகீழாக இருந்தால் இழுக்க முடியவில்லை. மூச்சு வெளியேறும் வாய் ஒரு மட்டத்திலும் சவ்வு வேறு மட்டத்திலும் இருந்ததுதான் கோளாறு. நீருக்குள் ஒரு சாண் உயர வித்தியாசத்துக்கே அழுத்தம் மாறும். வெளியேறும் வாயைச் சவ்வுக்குப் பக்கத்திலேயே வைத்ததும் சரியாகிவிட்டது.

ஆகவே இரண்டாவது குழாய் காற்று கொண்டுவரவில்லை. விட்ட மூச்சைத் திரும்பப் பிடரிக்குக் கொண்டுபோய்ச் சவ்வுக்கு அருகில் விடுகிறது. ஐயா, அது சேறோடி அல்ல. சேறோடி இல்லாமலும் மதகு ஓடும், இது இல்லாவிட்டால் இந்த வால்வே தடுமாறும்.

இன்னொன்று. ஒழுங்கி என்றால் சதா ஓடும் ஒன்றைக் கட்டுப்படுத்துவது. இது சதா ஓடுவதில்லை. வாயால் இழுத்தால் பெட்டிக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிநீர் சவ்வை உள்ளே தள்ளுகிறது, சவ்வு நெம்புகோலை அமுக்குகிறது, வால்வு திறக்கிறது. இழுப்பதை நிறுத்தினால் மூடிவிடுகிறது. கேட்டால்தான் கொடுக்கும். அந்தக் 'கேட்டல்' நம் சொல்லில் வர வேண்டாமா?

திருநெல்வேலியிலிருந்து, வெள்ளி காலை

இரவலன் கேட்க ஈபவன் கொடுப்பான். அப்படியென்றால் ஈவி. இருதூம்பு ஈவி!

தூத்துக்குடியிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, வகுத்தால் வருவதுதான் ஈவு. பிள்ளைகள் கணக்கு வகுப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

குழு நடத்துநர், வெள்ளி மாலை

நாளை வகுப்பு. கையெண்ணிவிடுகிறேன். வளியொழுங்கிக்கு நான்கு பேர், அதில் இருவர் 'வேறு வழியில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். உயிர்ப்பிக்கு ஒருவர், ரெகுலேட்டருக்கு ஒருவர். சவ்வுக்கு மூன்று, பிரிமென்றகட்டுக்கு இரண்டு, தோலுக்கு ஒன்று. வாத்தா தாராவா என்பதைப் பாரிஸ் நண்பரே முடிவு செய்துகொள்ளட்டும்.

பாரிசிலிருந்து, ஞாயிறு

வகுப்பு முடிந்தது. பலகையில் 'இரட்டைக் குழாய் வளியொழுங்கி' என்று எழுதினேன். யாழ்ப்பாண அக்காவுக்காகப் பக்கத்தில் 'அமுக்கம் / அழுத்தம்' என்று கோடு போட்டு இரண்டையும். நுழைவாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வாய்ப்பிடியில் இழுத்துக் காட்டினேன். சவ்வு உள்ளே போய் அப்படியே நின்றது. ஒழுகவில்லை. பிள்ளைகள் வரிசையில் வந்து இழுத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் வாய்ப்பிடியைத் துடைத்துக் கொடுப்பதிலேயே பாதி நேரம் போனது. தாரா மூக்கு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வளியொழுங்கியை இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள், மற்றவர்கள் தெத்தாந்தரிலேயே நின்றார்கள்.

ஒரு பெண் சிலிண்டரோடு மாட்டும் பிடியைக் காட்டி இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். இங்கிலீஷில் அது நுகத்தடி, பிரெஞ்சில் குதிரை அங்கவடி. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து, ஞாயிறு இரவு

நுகம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன். உயிர்ப்பியை நான் விட்டுவிட்டதாக நடத்துநர் குறித்துக்கொள்ள வேண்டாம்.