‘வீடு’ படத்தைக் கொத்தனாரோடு பார்த்தேன்

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) எனக்கு ஏற்கெனவே பிடித்த படம்தான். சொந்தமாக ஒரு வீடு கட்டப் பாடுபடும் நடுத்தர வர்க்கப் பெண்ணின் கதை. ஆனால் அதன் அருமையை எனக்குக் காட்டியவர், எங்கள் மாடியில் வேலை பார்க்க வந்த கொத்தனார். மழை பிடித்துக்கொண்டதால் கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சும்மாதான் பார்த்தார். கான்ட்ராக்டர் சிமென்ட் திருடுவதைச் சித்தாளாக வரும் ‘பசி’ சத்யா போட்டு உடைக்கும் இடம் வந்ததும் நிமிர்ந்துவிட்டார். “எல்லா சைட்டுலயும் நடக்குறதுதான் சார். இப்படி நின்னு சொல்லத்தான் ஆள் இருக்காது” என்றார்.

அப்புறம் அந்தப் பெண்ணின் தாத்தா வரும் காட்சி. சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். அறை அறையாக நடக்கிறார், சுவரைத் தடவுகிறார். பேச்சே இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். “ஓனருங்க வந்தா மொதல்ல செவுத்தத்தான் சார் தொடுவாங்க” என்று கொத்தனார் மெதுவாகச் சொன்னார். எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன், எதிலும் இது இல்லை.

அன்றிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும், அதில் வருகிறவர் தன் வேலையை எப்படிச் செய்கிறார் என்றுதான் என் கண் போகிறது. ஒரு தொழிலை உள்ளபடி காட்டத் தெரிந்த இயக்குநருக்குப் பக்கம் பக்கமாக வசனம் தேவைப்படுவதில்லை. மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) காளியை எடுத்துக்கொள்ளுங்கள். மின் நிலையத்தில் விஞ்ச், அதாவது கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் இயந்திரம், ஓட்டுகிறவன். அவன் திமிர், ரோஷம் எல்லாம் அந்த விஞ்சில்தான் இருக்கிறது. அதனால்தான் கையும் வேலையும் போன பிறகு ரஜினி வெறுமனே நின்றாலே நமக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்கும் கேமரா பாலு மகேந்திராதான்.

இன்றைய படங்களில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். விவசாயியாக வரும் கதாநாயகன் மண்வெட்டியைக் கிரிக்கெட் மட்டை மாதிரி பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்கிறார். வேட்டியில் ஒரு பொட்டு சேறு இருக்காது.

எல்லோரையும் சொல்லவில்லை. மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) இந்தக் காலத்துப் படம்தானே! மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. மயிலைக் கொன்றதாகப் பொய் வழக்கில் உள்ளே வைத்துவிடுகிறார்கள், அவர் கவலையெல்லாம் தண்ணீர் இல்லாமல் வாடும் பயிரைப் பற்றித்தான். கடைசியில் ஒரு போலீஸ்காரர் போய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாகிறது. கோபத்தை உரக்கச் சொல்லாமலே அந்த நிலைமை நம்மைச் சுடுகிறது. படம் வெளிவரும்போது நல்லாண்டி உயிரோடு இல்லை. பிறகுதான் தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

மணிகண்டன் படம் மெதுவாகப் போகிறது என்று நண்பர்கள் குறைபடுகிறார்கள். பயிர் வளரும் வேகத்தில்தான் போகிறது, எனக்கு அது சரியாகவே படுகிறது. ‘வீடு’ பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். இணையத்தில் நான் பார்த்த பிரதிகள் மங்கல்தான், பரவாயில்லை. யாராவது அதைச் சுத்தம் செய்து தியேட்டரில் போட்டால் முதல் டிக்கெட் என்னுடையது, இரண்டாவது அந்தக் கொத்தனாருக்கு.