பொருள்: டப்பா வசூல் – பொருளாளர் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

காசிமேட்டுப் பிள்ளைத்தாச்சிங்களுக்கு ஊட்டச்சத்து பவுடர் டப்பா வாங்க வசூல்னு நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் மடல் போட்டிருக்கீங்க. நல்ல மனசுதான். ஆனா டப்பாவுக்கு நான் பணம் தரமாட்டேன்.

எங்க அக்கா இந்த மீன்பிடித் தடைக்காலத்துல ஊருக்குப் போனப்போ ஐஸ் ஃபேக்டரி ஆயா வீட்டுக்குப் போயிருக்கா. பேத்தியோட குழந்தைக்குப் பத்து மாசம். தூக்கினா கையில கனமே இல்லையாம். எர்ணாவூருக்கு வாடகைக்குப் போய்த் திரும்பி வந்ததுல எந்தப் பால்வாடியிலும் பேர் பதியல. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த வீட்டுல பெத்தவதான் கடைசியா சாப்பிடுவா, மிச்சம் இருந்தா. ஒரு டப்பா எத்தனை நாளைக்கு வரும்?

அவளுக்குச் சேரவேண்டியதை அரசாங்கமே வெச்சிருக்கு. ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிறவளுக்கும் பால்வாடியில சத்துமாவு உண்டு. ரெண்டு வயசு தாண்டினா அங்கேயே மதியச் சாப்பாடு, வாரத்துல மூணு நாள் முட்டை. கர்ப்பிணிங்களுக்கு அரசாங்கம் உதவி தர்ற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அதுக்குக் கர்ப்பம்னு தெரிஞ்சதுமே கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட சொல்லி பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதிஞ்ச நம்பர், வாங்கணும். இந்தப் பொண்ணுக்கு அதைச் சொல்ல ஆளில்ல.

குழந்தை மேல்கையை நாடா வெச்சு அளக்கச் சொல்லுங்க. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா மாவு மட்டும் போதாது, அன்னிக்கே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கோ தூக்கிட்டுப் போகணும். இது வசூல் முடியறவரைக்கும் காத்திருக்காது.

துபாய் சித்தி, "நம்ம சனம் பால்வாடி மாவுக்குக் கையேந்தணுமா"ன்னு எழுதியிருந்தீங்க. சித்தி, நீங்களும் நானும் பால்வாடியில பாய் விரிச்சுத் தூங்கினவங்கதானே? வெல்லம் போட்டுக் கிளறின அந்த மாவு வாசனை எனக்கு இன்னும் மறக்கல. அதுல என்ன கேவலம்? வெள்ளம் வந்தப்போ நம்ம மூணு வீட்டுக்கும் கஞ்சி ஊத்தினது அந்த ஆயாதான். அவங்க கொள்ளுப்பேத்தி இளைச்சுக் கிடக்கிறதுதான் நமக்குக் கேவலம்.

கணக்கும் கேக்கறேன், அண்ணே. போன மருத்துவ முகாம்ல பேனருக்கும் மேடைக்கும் எவ்வளவு போச்சுன்னு இன்னும் வரல. அதை மூடி வைக்காதீங்க.

பணம் வேணும்னா இதுக்குக் கேளுங்க: தெருவுல ஒரு அக்கா வீடு வீடா போய்ப் பேர் எடுத்து, பால்வாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே போகணும். ஆட்டோ காசு, அவங்க மீன்கூடையை இறக்கி வெச்சிட்டு இதுக்கு வர்ற நாளோட கூலி, தடைக்காலத்துல தாய்க்கு முட்டை, பருப்பு. என் பங்கை இன்னிக்கே அனுப்பறேன். யார் போறாங்கன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள பேர் சொல்லுங்க.

கிளிஞ்சல் வீட்டுச் சின்னவள்,
மஸ்கட்