பனிஷர்: வார் ஸோன் – எந்தக் கொலைக்குச் சிரிக்கிறோம்?

இரவுக்காட்சி எழுதியது:

லெக்ஸி அலெக்ஸாண்டர் இயக்கி 2008 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘பனிஷர்: வார் ஸோன்’ படத்துக்கு இங்கே தனி இழை இல்லை என்பதால் தொடங்குகிறேன். ஏறத்தாழ 3.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகம் முழுவதும் சேர்த்தும் 1 கோடி டாலர் அளவிலேயே வசூலித்துப் படுத்துவிட்ட படம் இது. அதே ஆண்டில் ‘அயர்ன் மேன்’ ஒரு பக்கமும் ‘தி டார்க் நைட்’ மறுபக்கமும் வெற்றி பெற்று, காமிக்ஸ் படம் என்றால் கலகலப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பார்வையாளர்களைப் பழக்கியிருந்தன. இந்தப் படம் இரண்டிலும் சேராது. மாஃபியா தலைவரின் விருந்து மேசையில் விளக்குகள் அணைகின்றன. மேசைமேல் ஒரு தீப்பந்தம் எரிய, குற்றவாளிகளைத் தானே கொன்று தண்டிக்கும் ‘பனிஷர்’, அதாவது ரே ஸ்டீவன்சன் நடித்த ஃபிராங்க் கேஸில், அங்கே நிற்கிறார். சற்று நேரத்தில் சரவிளக்கில் தலைகீழாகத் தொங்கி, சுழன்றபடியே அறையிலுள்ள எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறார். இதை நிஜ வன்முறை என்று எடுத்துக்கொண்டு முகம் சுளித்தவர்கள், படம் முதல் பத்து நிமிடத்திலேயே கொடுத்துவிட்ட குறிப்பைக் கவனிக்கவில்லை என்பதே என் கருத்து. சிரிப்பதற்காகவே எடுக்கப்பட்ட படத்தைச் சிரித்துக்கொண்டு பார்ப்பதில் என்ன குற்றம்?

மெய்யெழுத்து எழுதியது:

குறிப்பு எல்லோருக்கும் புரிந்தது, நண்பரே. புரிந்த பிறகும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள் என்பதை நீங்கள் ஏற்க மறுப்பதுதான் சிக்கல்.

நீங்கள் விவரித்த அந்தச் சரவிளக்குக் காட்சிக்குப் பிறகு கதை எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கேஸில் சுட்டுக் கொல்பவர்களில் ஒருவர், மாஃபியாவுக்குள் மாறுவேடத்தில் ஊடுருவியிருந்த எஃப்.பி.ஐ. அதிகாரி நிக்கி டொனாட்டெல்லி. அது தெரிந்ததும் கேஸில் உடைந்துபோகிறார்; வேலையையே விட்டுவிடப் போவதாகச் சொல்கிறார்; அதிகாரியின் மனைவி ஏஞ்சலாவையும் சிறுமி கிரேஸையும் தேடிப் போகிறார். ஏஞ்சலாவாக நடித்த ஜூலி பென்ஸ் தம் காட்சிகளைத் துளிகூடக் கேலி கலக்காமல் நடித்திருக்கிறார், அந்த இடங்களில் நாமும் கண்கலங்க வேண்டும் என்றே படம் எதிர்பார்க்கிறது. மற்ற உடல்களெல்லாம் சிவப்புச் சாயம் அடைத்த பொம்மைகள் என்றால் இந்த ஓர் உடலுக்கு மட்டும் எடை எப்படி வந்தது? சிரிப்பையும் துக்கத்தையும் ஒரே துப்பாக்கியால் வாங்கிக்கொள்ளப் பார்க்கிற படம், எந்த உயிருக்குக் கணக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தன் வசதிக்கேற்பத் தீர்மானிக்கிறது.

இரவுக்காட்சி எழுதியது:

வசதிக்கேற்ப என்று சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த ஒரு கொலை இல்லாவிட்டால் படம் வெறும் வாணவேடிக்கையாகப் போயிருக்கும். கேஸில் தவறாகச் சுட்டது ஒருவரை என்பதால்தான், ‘இவர் சுடுவதெல்லாம் சரி’ என்று நிம்மதியாக உட்கார முடியாமல் போகிறது. படமே தன் நாயகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அதைக் குறையாகச் சொல்கிறீர்கள்.

பழைய அலமாரி எழுதியது:

இருவரும் படத்துக்குள்ளேயே நின்று வாதிடுகிறீர்கள். இந்த முரண்பாடு மூலக் கதைகளிலிருந்தே வந்தது என்பதால், காமிக்ஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

பனிஷர் 1974இல் ஸ்பைடர்மேன் கதையொன்றில், அவரைக் கொல்ல வரும் எதிரியாக அறிமுகமானவர். உருவாக்கிய எழுத்தாளர் ஜெரி கான்வே. ஆனால் இந்தப் படம் கடன்பட்டிருப்பது கார்த் என்னிஸ் எழுதிய பிற்காலக் கதைகளுக்கு. என்னிஸ் இரண்டு விதமான பனிஷரை எழுதினார். 2000இல் ஸ்டீவ் டில்லன் ஓவியத்தில் வந்தது கறுப்பு நகைச்சுவை. அதில் கொலைகள் அனைத்தும் அபத்தமானவை, படிப்பவர் வாய்விட்டுச் சிரிப்பார். 2004இல் தொடங்கிய ‘மேக்ஸ்’ வரிசையோ வயதுவந்தோருக்கானது; அங்கே கேஸில் வியட்நாம் போரில் தேய்ந்துபோன கிழவர், யாரும் எதற்கும் சிரிப்பதில்லை. இப்போது படத்தின் பாத்திரங்களைப் பாருங்கள். பனிஷரைப் பிடிக்கக் காவல்துறை அமைத்த தனிப்படையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளர் சோப், நகைச்சுவை வரிசையிலிருந்து வந்தவர். பிட்ஸி, இங்க், மகின்ட்டி, புடியான்ஸ்கி ஆகியோர் ‘மேக்ஸ்’ வரிசைக்காரர்கள். ரஷ்யக் கும்பலின் கிறிஸ்டு புலாட், பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலைப் பற்றிய கதையிலிருந்து எடுக்கப்பட்டவர். படித்தவர்கள் அந்தக் கதையை எளிதில் மறக்க மாட்டார்கள். படத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு சாதாரண வில்லனின் இடம்.

ஆகவே, ஒரே எழுத்தாளர் கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு அடுப்புகளின் சமையலை ஒரே தட்டில் கொட்டியிருக்கிறார்கள். மெய்யெழுத்துக்கு நெருடுவதும் இரவுக்காட்சிக்குப் பிடிப்பதும் அதே கலவைதான். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ‘மேக்ஸ்’ கேஸில் எவருக்கும் வேடிக்கை காட்டுவதற்காகச் சரவிளக்கில் தொங்க மாட்டார்.

திரைச்சீலை எழுதியது:

கதை விவாதத்தில் படத்தின் தோற்றத்தை மறந்துவிட வேண்டாம். பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு காட்சியையும் ஓரிரு நிறங்களுக்குள் அடக்கி, அச்சடித்த காமிக்ஸ் பக்கம்போல ஒளியூட்டியிருக்கிறார்கள். மான்ட்ரியாலில் படமாக்கி அதை நியூயார்க் என்கிறார்கள். ஆனால் அந்த ஒளியில் எந்த நகரமும் நிஜ நகரமாகத் தெரியாது. மறைந்த விமர்சகர் ராஜர் ஈபர்ட், தாம் பார்த்த மோசமான படங்களில் மிக நன்றாக எடுக்கப்பட்டவற்றுள் இது ஒன்று என்று எழுதி, நான்குக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். நடிகர் பேட்டன் ஆஸ்வால்ட்டோ இதைத் தலையில் வைத்துக் கொண்டாடி, இயக்குநரோடு சேர்ந்து ஒரு வலையொலி நிகழ்ச்சியில் பேசியிருக்கிறார். ஒரே சரக்கைப் பார்த்துத்தான் இரண்டு தீர்ப்பும்.

மெய்யெழுத்து எழுதியது:

ஒளியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை; நான் பேசுவது பார்வையாளரைப் பற்றி. இந்தப் பாத்திரத்தின் மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்கக் காவலர்களும் ராணுவத்தினரும் தங்கள் வண்டிகளிலும் உடைகளிலும் ஒட்டிக்கொண்டார்கள் என்பது ஊரறிந்த சேதி. 2019இல் வந்த காமிக்ஸ் இதழொன்றில் கேஸிலே அப்படி ஒட்டியிருந்த காவலர்களைக் கடிந்துகொண்டு ஸ்டிக்கரைக் கிழித்தெறிகிறார்; ஜெரி கான்வேயும் இந்தப் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். எழுதியவர்களே இவ்வளவு தூரம் பதறிய ஒரு பாத்திரத்தைப் படம் எப்படி நடத்துகிறது? நகரத்துக் காவலர்கள் கேஸிலைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். தனிப்படையின் ஒரே ஆளான சோப் அவருக்கு ரகசியமாக உதவுகிறார். இதை நாம் ஒரு நல்ல நகைச்சுவையாக ரசிக்க வேண்டும். சட்டத்தை ஏமாற்றும் காவலரைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவருக்கு அந்த ஸ்டிக்கர் விகாரமாகத் தெரியுமா?

இரவுக்காட்சி எழுதியது:

2019இல் நடந்ததற்கு 2008இல் எடுத்த படத்தைப் பொறுப்பாக்குவது நியாயமாகப் படவில்லை. அதோடு, இந்தப் படம் அரசை வெள்ளையடிக்கவும் இல்லை. கண்ணாடி நொறுக்கும் இயந்திரத்தில் முகம் சிதைந்து ‘ஜிக்ஸா’ ஆகும் பில்லி ருஸோட்டியோடு பேரம் பேசி, ரஷ்யக் கும்பலைக் காட்டிக்கொடுத்ததற்குக் கைம்மாறாக அவனையும் அவன் தம்பியையும் விடுவிப்பது அரசு அதிகாரிகள்தான். பிறகு அதே ஜிக்ஸா, பின்னால் அமெரிக்கக் கொடி நிற்க, தெருக் கும்பல்களைத் திரட்ட ஒரு தேசபக்தி உரை நிகழ்த்துகிறானே, அதை ராணுவ ஆள்சேர்ப்பு விளம்பரத்தின் பகடியாக அல்லாமல் வேறெப்படிப் பார்ப்பது? ஈராக் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் டொமினிக் வெஸ்ட் அந்த உரையை மிகைநடிப்பின் உச்சியில் நின்று பேசினார். அதற்குச் சிரித்த பார்வையாளர் கொடியைப் பார்த்தும்தான் சிரித்தார்.

மெய்யெழுத்து எழுதியது:

அந்தப் பகடி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பகடிக்கு ஆளாவது வில்லன். நாயகனின் துப்பாக்கி அந்தக் கேலிக்கு வெளியே பத்திரமாக நிற்கிறது.

வாசுகி ந. எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ‘சிரிப்பு’ என்று பொதுவாகப் பேசுவதால் இந்த வாதம் சுற்றிச்சுற்றி வருகிறது. படத்தின் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது, கூரைகளின் மேல் தாவித் திரியும் கும்பலின் காட்சி. அந்தக் கும்பல்காரர்கள் கரணம் போடுவதையும் சுவரேறுவதையும் கேமரா ஆற அமரக் காட்டுகிறது. இசையும் அவர்களோடு துள்ளுகிறது. ஒருவன் ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, பாதி வானில் ராக்கெட் வந்து மோதி அவன் மறைந்துபோகிறான். வித்தையை நீட்டி வளர்த்து, முடிவை ஒரு கணத்தில் வெட்டிவிடும் இந்த அமைப்பு நகைச்சுவைத் துணுக்கின் அமைப்பேதான். அவனுக்கு வேதனைப்பட நேரமில்லை, நமக்கு இரக்கப்பட நேரமில்லை. நானும் வாய்விட்டுச் சிரித்தேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

இரண்டாவது, ஏஞ்சலாவின் வீட்டுக் காட்சி. அங்கே வந்த அடியாளை எஃப்.பி.ஐ. அதிகாரி புடியான்ஸ்கி பிடித்துவிடுகிறார், சண்டை முடிந்துவிட்டது. கேஸில் உள்ளே வந்து, எதுவும் கேட்காமல், பிடிபட்டவனைச் சுட்டுக் கொல்கிறார். படத்தொகுப்பு இங்கேயும் அதே துணுக்கின் தாளத்தில்தான் வெட்டுகிறது. திடீரென்று வெடி, திகைத்து நிற்கும் அதிகாரியின் முகம். முன்னதற்குச் சிரித்த அதே வாய் இங்கேயும் திறக்க வேண்டும் என்பது படத்தின் ஏற்பாடு. எனக்குத் திறக்கவில்லை, ஏனெனில் அவன் பிடிபட்டுவிட்டவன். இரண்டு இடத்திலும் சிரித்தவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே சிரிப்பு என்று இரவுக்காட்சி சொல்வதையும், இரண்டும் ஒரே குற்றம் என்று மெய்யெழுத்து சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய அலமாரி எழுதியது:

இது சரியான இடம். ‘மேக்ஸ்’ வரிசையிலும் கேஸில் பிடிபட்டவர்களைக் கொல்வார்; ஆனால் அங்கே பக்கத்தைத் திருப்பவே மனம் வராது. படம் அந்தச் செயலை அப்படியே எடுத்துக்கொண்டு தாளத்தை மட்டும் மாற்றிவிட்டது.

இரவுக்காட்சி எழுதியது:

வாசுகி அவர்கள் பிரித்துக் காட்டியதை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. ஆயினும் அந்த இரண்டாவது காட்சியில் திகைத்து நிற்கும் புடியான்ஸ்கியின் முகத்துக்குப் படம் ஒதுக்கிய நேரத்தையும் கணக்கில் எடுங்கள். சிரிக்க மட்டுமே வேண்டுமென்றால் அந்த முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. ராக்கெட் காட்சியில் அப்படித் திகைத்து நிற்க எவரையும் படம் வைக்கவில்லையே?

மெய்யெழுத்து எழுதியது:

அந்த முகம் திகைப்புக்காக வைக்கப்பட்டதா, சிரிப்பைக் கூட்டுவதற்காக வைக்கப்பட்டதா என்பதைக் கடைசிக் காட்சியை வைத்துச் சொல்லிவிடலாம். ஜிக்ஸா செத்தாகிவிட்டது, கேஸிலின் கூட்டாளி மைக்ரோவும் செத்தாகிவிட்டது, தாயையும் மகளையும் காப்பாற்றியாகிவிட்டது. அதன்பின் ஒரு வழிப்பறிக்காரன் சோப்பிடம் வம்பு செய்ய, கேஸில் அவனையும் சுட்டுக் கொல்கிறார். மூளைத் துணுக்குகள் தன்மேல் தெறித்துவிட்டதே என்று சோப் அலுத்துக்கொள்வதோடு படம் முடிகிறது. தவறான ஆளைச் சுட்டதற்காகத் துப்பாக்கியையே கீழே வைக்க நினைத்த மனிதர், அடுத்த ஆளைச் சுட ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டொனாட்டெல்லியின் சாவு அவரிடம் எதை மாற்றியது என்று இரவுக்காட்சி ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டட்டும், நான் மறுபடியும் பார்க்கிறேன்.

இரவுக்காட்சி எழுதியது:

மாறவில்லை என்பதைத்தான் படம் சொல்கிறது என்பேன். கேஸிலை ஏஞ்சலா மன்னித்தாலும் அவரால் நிறுத்த முடியாது; 1974 முதல் அவர் நிறுத்தியதும் இல்லை. அதைச் சோகமாகச் சொல்லி முடித்திருந்தால் நீங்கள் மதித்திருப்பீர்கள், சிரிப்பாகச் சொல்லி முடித்ததால் மதிக்க மறுக்கிறீர்கள்.

மெய்யெழுத்து எழுதியது:

ஆம், சரியாகச் சொன்னீர்கள், அதனால்தான் மறுக்கிறேன்.