‘உலர்ந்து உதிர்தல்’: வேறு சொல் உண்டா?

லாசுப்பேட்டை, புதுச்சேரி, வியாழன் இரவு:
அன்பர்களே, சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கான நான்கு பக்க மொழிபெயர்ப்பு நாளை மதியத்துக்குள் அச்சகம் போகணும். டூரிங் என்ற ஜெர்மன் சிந்தனையாளரை மறுத்து 1878-இல் வந்த நூலில் மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் சொல்கிறார்: அரசு ஒழிக்கப்படுவதில்லை, அது ‘ஆப்ஷ்டெர்பென்’ ஆகிறது (ஜெர்மனில், மெல்லச் செத்துப்போதல்). நம்மிடம் புழங்குவது ‘உலர்ந்து உதிர்தல்’. போன வாரம் ‘அரசு உதிரும்’ என்று பலகையில் எழுதினேனோ இல்லையோ, ஒரு பையன் ஜன்னலுக்கு வெளியே அரசமரத்தைப் பார்த்தான்.

முத்தியால்பேட்டை:
பூ உதிரும் பருவம் ‘வீ’. வினைச்சொல் ‘வீதல்’, அதாவது அழிதல். குறள் 207, 208 இரண்டிலும் ‘வீயாது’. ‘அரசு வீதல்’ எனலாம். (வாடிய பூவுக்குச் ‘செம்மல்’ என்றும் பெயர். தலைவர்களுக்குச் சுவரொட்டி அடிப்பவர்கள் கவனிக்க.)

மஞ்சக்குப்பம், கடலூர்:
வீதலை என் மாணவர்கள் வீதி என்று படிப்பார்கள். எங்கள் பக்கம் ‘பட்டுப்போதல்’ இருக்கிறதே. 2011 டிசம்பர் 30, தானே புயலில் முந்திரி வேரோடு சாய்ந்தது ஒரு சாவு. சாயாமல் நின்று, தளிர் விடாமல், கிளை கிளையாகப் பட்டுப்போவது வேறு சாவு. லெனின் ‘அரசும் புரட்சியும்’ நூலில் பிரிப்பதும் இப்படித்தான்: முதலாளி அரசைப் புரட்சி நொறுக்குகிறது, பிறகு வரும் பாட்டாளி அரசுதான் பட்டுப்போகிறது. இரண்டுக்கும் ‘உதிர்தல்’ என்று போட்டால், தானாக உதிரட்டும் என்று சீர்திருத்தக்காரர் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

முத்தியால்பேட்டை:
பட்ட மரம் நிற்குமே ஐயா, யார் வெட்டுவது? தவிர ‘ஒழிக்கப்படுவதில்லை, பட்டுப்போகிறது’ என்றால் ஒரே வரியில் ‘படு’ இரண்டு முறை, எதிரெதிராக.

நெல்லித்தோப்பு:
உதிர்வதை விடுங்கள், ‘அரசு’தான் சிக்கல். இங்கே அலுவலகப் பலகையெல்லாம் ‘புதுச்சேரி அரசு’. மாநிலத் தகுதி கேட்பவரும் ஆங்கிலத்தில் அரசுக்குரிய அதே ‘ஸ்டேட்’ என்ற சொல்லைத்தான் சொல்கிறார். போலீசு, கோர்ட்டு, சிறை சேர்ந்தது அரசு, வந்து போவது அரசாங்கம் என்று அடிக்குறிப்பு போடலாம். ஆனால் 1936 ஜூலை 30 அன்று இங்கே ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்ற அதே பிரெஞ்சு ஆட்சிதான் அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் போட்டது. சுட்டது அரசு, சட்டம் அரசாங்கமா?

லாசுப்பேட்டை, வெள்ளி காலை:
இது இன்றைக்குத் தீராது. பெரும்பான்மை பழைய சொல்லுக்கே. ‘உலர்ந்து உதிர்தல்’ என்று போட்டு, அடைப்பில் ‘பட்டுப்போதல்’ சேர்த்து அனுப்பிவிட்டேன்.

முத்தியால்பேட்டை:
அடைப்பில் வீதலுக்கும் இடம் இருந்தது.