பழகிப்போன நற்செய்திப் பகுதியை எப்படித் தியானிப்பது?

கேள்வி: தினமும் திருப்பலிக்கு முன்னாடி அன்றைய நற்செய்தியை வாசிக்கிறேன். தெரிஞ்ச பகுதின்னா மனசு ஒட்டவே மாட்டேங்குது. நீங்க எப்படிச் செய்றீங்க?

பதில் 1: 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ சொன்ன படிகள்தான் எனக்கு: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலைத் தியானம். அவசரப்படாதீங்க சகோதரி.

பதில் 2: நான் இயேசு சபையை நிறுவின புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் வழி. காட்சிக்குள்ளேயே போய் நின்னுடுவேன். மாற்கு 10:46-52 பாருங்க. எரிகோ சாலையோரம், புழுதி, "பேசாதே"ன்னு அதட்டுற கூட்டம். இயேசு கூப்பிட்டதும், பார்வையில்லாத பிச்சைக்காரர் பர்த்திமேயு மேலுடையை எறிஞ்சிட்டுக் குதிச்செழுந்து வர்றார். அதைவிட்டா அவர்கிட்ட வேறென்ன இருந்திருக்கும்! அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்ப, அவர்கிட்ட கேட்ட மாதிரி, என்ன வேணும்னு இயேசு என்னையே கேட்கிறதா நினைச்சு உட்கார்ந்தேன். வார்த்தை வரல, அழுகைதான் வந்துச்சு. அதையும் ஜெபமாத்தான் ஒப்புக்கொடுத்தேன்.

பதில் 3: சனிக்கிழமை ராத்திரியே ஞாயிறு வாசகத்தைப் படிச்சிடுங்க. மறையுரை இன்னும் நல்லா உள்ளே இறங்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. நாளைக்குப் பர்த்திமேயுவோட ஆரம்பிக்கிறேன். உங்க அம்மாவுக்காகவும் வேண்டிக்கிறேன்.